காணாமற் போன பூட்டனைக் கொழும்பில் தேடுவது

“சிங்கப்பூருக்குக் கப்பலேறினவர், அதோட சரி.” “செட்டியார் தெருவில கடை வைச்சிருந்தவர், ஒருநாள் பூட்டிப்போட்டுப் போயிட்டார்.” “மலாயாவில யப்பான்காரன் பிடிச்சுக்கொண்டு போனதாம்.” கொழும்பிலுள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரே வரியில் முடிந்துபோன பூட்டன்மார் நிறையப் பேர். அந்த ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அங்கே ஆட்களின் பெயரில் கோப்பு கிடையாது. எந்தக் கந்தோர், எந்த மாவட்டம், எந்த ஆண்டு என்ற ஒழுங்கில்தான் எல்லாம் அடுக்கியிருக்கும்.

வீட்டுக் கதையில் அவர் எங்கே போனார் என்பதும் எப்போது போனார் என்பதும்தான் அதிகம் பிழைக்கும். அவர் போன பிறகு வீட்டில் இருந்தவர்கள் செய்த காரியங்கள் அப்படி மாறுவதில்லை. காணி விற்றிருப்பார்கள், பெண்ணுக்குச் சீதனம் எழுதியிருப்பார்கள், திவசம் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளோ ஒரு வழக்கமோ மிஞ்சியிருக்கும். ஆகவே போனவரைக் கொஞ்சம் விட்டுவிட்டு அவருடைய மனைவியின் பின்னால் போங்கள். கீழே சொல்வது ஏறத்தாழ 1870க்கும் 1950க்கும் இடையில் காணாமற் போனவர்களுக்குப் பொருந்தும். போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வழி வேறு. அதற்கு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இருக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

முதலில் இரண்டு திகதிகளை எழுதி வையுங்கள். ஒன்று, அவர் உயிரோடு இருந்ததற்கு எழுத்தில் சான்றுள்ள கடைசி நாள். கடிதம், மணியோடர் துண்டு, பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகவல் தந்தவராகப் போட்ட கையெழுத்து, யாருடையவோ காணி உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து, எதுவும் போதும். மற்றது, அவர் இல்லை என்று காட்டும் முதல் தாள். மகளின் கலியாண அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் “காலஞ்சென்ற” வந்துவிட்டதா? மூத்த மகன் இறந்தபோது போட்ட மரண அறிவித்தலில் “அன்னார் காலஞ்சென்ற” என்று தொடங்கியதா, அல்லது அந்தச் சொல் தாயாருக்கு மட்டும் வந்து தகப்பனுக்கு வராமல் நிற்கிறதா? இரண்டு திகதிக்கும் நடுவே 20 ஆண்டு கிடந்தால், அதை 5 ஆண்டாகக் குறைக்கும்வரை எந்தக் கந்தோருக்கும் போக வேண்டாம். பதிவேடு புரட்டும் தேடலுக்கு ஈராண்டுக் கணக்கில்தான் கட்டணம் அறவிடுவார்கள். காசை விட ஆட்களின் பொறுமைதான் முதலில் தீரும்.

அந்த இடைவெளியைக் குறைக்க மிக மலிவான வழி கல்வெட்டுப் புத்தகம். யாழ்ப்பாணத்தாரிடம் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அவர் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டல்லவா, அதுதான். உங்கள் பூட்டனுக்கு அடித்திருக்க மாட்டார்கள். அவருடைய தமையன், தங்கை, மைத்துனன், சம்பந்தி ஆகியோரின் புத்தகங்களைத் தேடுங்கள். பின்பக்கத்து வம்சாவளியில் அவர் பெயரும், சிலவேளை “மலாயா” என்றோ “சந்ததியில்லை” என்றோ ஒரு குறிப்பும் இருக்கும். “சந்ததியில்லை” என்பதை நம்ப வேண்டாம், ஊருக்குத் தெரிந்த சந்ததி இல்லை என்றுதான் அதற்குப் பொருள். நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் என்ற பிரிவில் இவற்றைப் பெருந்தொகையாக மின்வருடிப் போட்டிருக்கிறார்கள், இலவசம். ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவது ஆள் பெயரை வைத்துத் தேடுவதிலும் பலன் தரும்.

கல்வெட்டில் திதி வெண்பா இருந்தால் அதில் வருடப் பெயர், மாதம், பட்சம், திதி நான்கும் கிடைக்கும். இதை ஆங்கிலத் திகதிக்கு மாற்றும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: பிரபவ என்றால் 1867, 1927, 1987. எந்தச் சுற்று என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்க்கலாம். இரண்டாவது வழுக்கலில்தான் பலர் விழுகிறார்கள். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும், மார்கழியின் பிற்பாதியும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும். விஷு வருடம் 1941 ஏப்ரலில் பிறந்தது. “விஷு வருடம் மாசி” என்று கண்டவுடன் 1941 என்று எழுதினால் ஓராண்டு தவறிவிட்டது, அது 1942 பெப்ரவரி-மார்ச். சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது 1942 பெப்ரவரி 15, கொழும்பில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5. இரண்டும் விஷு வருடத்துக்குள்தான். அந்த ஓராண்டுப் பிழை ஒருவரைப் போருக்கு முன்னால் சாகடித்துவிடும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதியில் ஒருநாள் வித்தியாசம் வரலாம், அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

கல்வெட்டே இல்லாத வீட்டில் திவசத்தைக் கேளுங்கள். “அவருக்கு எப்ப திவசம் குடுத்தவை?” என்ற கேள்விக்கு மறுமொழி இரண்டு வகை. “ஆனி அபரபக்கத் தசமி” என்பது போலத் திட்டமாக வந்தால், யாரோ ஒருவர் சாவை அறிவித்து நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அதாவது தந்தியோ கடிதமோ வந்திருக்கிறது, அவர் அந்த வீட்டுக்கு முழுதாகக் காணாமற் போகவில்லை. “தனியத் திதி இல்லை, ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில செய்யிறது” என்று வந்தால் நாள் தெரியாமலே இறந்தவராகக் கொண்டிருக்கிறார்கள். பழைய படங்களையும் இப்படியே பாருங்கள். 1938இல் எடுத்த படத்தில் பூட்டி தாலிக்கொடியும் பொட்டுமாக இருக்கிறா என்றால், கணவன் போய்ப் பத்தாண்டான பிறகும் அந்த வீடு அவரை உயிரோடு இருப்பவராகவே வைத்திருந்தது. படத்தின் பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள்.

இனி உறுதிகள். இந்தத் தேடலில் அதிகம் பேசும் தாள் இதுதான், ஆனால் மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண், கணவன் உயிரோடு இருக்கும்போது தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ அவனுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இதை வைத்திருந்தது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், சிறையில் நெடுங்காலம் இருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், அல்லது அவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். கணவன் காணாமற் போய், பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசி, சீதனம் எழுத வேண்டிய நாளில் அந்தத் தாய்க்கு வேறு வழியில்லை. அந்த மனுவில் அவர் எப்போது போனார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது, யார் விசாரித்தார்கள் என்பதெல்லாம் சத்தியக் கடதாசியாகக் கிடக்கும். ஆனால் வழக்கை நேரே தேட வேண்டாம், உறுதியே வழக்கைக் காட்டும். உறுதியின் முற்பகுதியில் “என் கணவர் இருக்குமிடம் அறியப்படாமையால், இந்த நீதிமன்றத்தின் இன்ன இலக்க வழக்கில் இன்ன திகதிக் கட்டளைப்படி” என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வழக்கிலக்கம்தான் திறப்பு.

தேசவழமைக்கு உட்படாத கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மணமான பெண்ணின் அசையாச் சொத்துக்கு அதிலும் கணவன் சம்மதம் வேண்டியிருந்தது, 1923இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வரைக்கும். அதற்குப் பிறகு அவள் தனியே கையெழுத்திடலாம் என்பதால், 1923க்குப் பிந்திய கொழும்பு உறுதியில் கணவன் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

ஒரு உறுதியைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. எழுதிக் கொடுப்பவள் தன்னை “பெண்சாதி” என்கிறாளா “விதவை” என்கிறாளா. ஒரு உறுதியில் பெண்சாதியாகவும் மூன்று ஆண்டு கழித்து எழுதியதில் விதவையாகவும் வந்தால் உங்கள் இடைவெளி மூன்று ஆண்டாகச் சுருங்கிவிட்டது. கணவனுக்காக அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த அற்றோணிக்காரன் கையெழுத்திட்டிருந்தால், அந்த அற்றோணித் தத்துவம் எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் முன்னிலையில் எழுதப்பட்டது என்று அதே உறுதியில் சொல்லியிருக்கும். கோலாலம்பூரா, ஈப்போவா, ரங்கூனா என்பது அங்கே தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அற்றோணி செல்லாது. ஆகவே அதைக் கடைசியாகப் பயன்படுத்திய நாள்வரை அவரை உயிரோடு இருப்பதாகவே கருதினார்கள். சாட்சிகள் இருவரின் பெயரையும் எழுதி வையுங்கள், பெரும்பாலும் உறவினர்தான்.

பக்கத்துக் காணிக்காரரின் உறுதியும் உதவும். எல்லை சொல்லும் இடத்தில் “வடக்கு: இன்னாருக்குரிய காணி” என்று உங்கள் பூட்டன் பெயர் வரும். ஒரு கட்டத்தில் அது “இன்னாரின் உரித்தாளிகளின் காணி” என்று மாறும். ஊர் அவரை இறந்தவராக ஏற்ற காலம் ஏறத்தாழ அது. ஒரு எச்சரிக்கை: உறுதி எழுதும் நொத்தாரிசுமார் பழைய உறுதியைப் பார்த்து எல்லையை அப்படியே எழுதுவதுண்டு. 1905இல் எழுதிய எல்லை 1955இலும் ஒரு எழுத்து மாறாமல் நிற்கும். “உரித்தாளிகள்” என்று வந்தால் அது பெறுமதியான தகவல். பழைய பெயரே நின்றால் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

வீட்டில் உறுதி இல்லாவிட்டால் காணிப் பதிவகம். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்து, இன்னொன்றை மாதாமாதம் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆகவே உறுதி தொலைந்தாலும் அங்கே இரட்டைப் பிரதி இருக்க வேண்டும். பதிவகம் காணி வாரியாக அடுக்கப்பட்டது. ஆள் பெயரை மட்டும் சொன்னால் தேடல் நகராது. அந்தக் காணிக்கு இப்போது யாரிடம் உறுதி இருக்கிறதோ, அவரிடம் கேட்டு, அதில் குத்தியிருக்கும் பதிவு முத்திரையிலிருந்து வொலியூம் (ஏடு), ஃபோலியோ (பக்கம்) இலக்கங்களை எடுங்கள். ஒவ்வொரு ஃபோலியோவும் எந்தப் பழைய ஃபோலியோவிலிருந்து தொடர்கிறது என்று காட்டும், அப்படியே படிப்படியாகப் பின்னால் போகலாம். சங்கிலி நடுவில் அறுவதற்கு வழக்கமான காரணம் காணி பிரிக்கப்பட்டது, துண்டுகளுக்குப் புது ஃபோலியோ திறப்பார்கள். இன்னொன்று, உறுதி பதியப்படாமலே வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. யாழ்ப்பாணக் காணி யாழ்ப்பாணப் பதிவகத்தில், கொழும்புக் காணி கொழும்பில். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டு அலைய வேண்டாம்.

அடுத்தது ஏழாண்டு. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, வழக்கமாகத் தகவல் பெறக்கூடியவர்கள் ஏழாண்டாக ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே அவர் பெயரில் சொத்து இருந்திருந்தால், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்கும் டெஸ்டமென்டரி வழக்கு அவர் போன ஆண்டில் வராது, ஏழு முதல் பதினைந்து ஆண்டுவரை பிந்தித்தான் வரும். மறைந்த ஆண்டை ஒட்டித் தேடி, இல்லை என்று கைவிடுபவர்களுக்கு இதுதான் தெரிவதில்லை. அந்த வழக்குகளில் மாவட்ட நீதிமன்றம் இடும் ஓடர் நைசை (இடைக்காலக் கட்டளை) அறிவித்தல்களை அரசாங்க வர்த்தமானி அச்சிட்டது. அதில் இறந்தவர் பெயர், ஊர், மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார் என்று இருக்கும். எதிர்மனுதாரராகக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் வந்தால் அவசரப்பட்டு அத்தைமாரிடம் கேட்டுவிடாதீர்கள், முதலில் அந்த வழக்குக் கோப்பைப் பாருங்கள். இன்னொரு சிக்கல்: சட்டம் இறந்தார் என்று ஊகிக்க விடும், எப்போது இறந்தார் என்று சொல்லாது. அந்தக் கோப்பில் இருக்கும் இறந்த திகதி பிரக்கிராசி (வழக்கறிஞர்) வசதிக்குப் போட்டதாக இருக்கலாம். அதை மரணத் திகதியாக உங்கள் வம்சாவளியில் ஏற்றிவிட்டால் பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

வர்த்தமானியில் வேறு இரண்டு பகுதிகளும் பார்க்க வேண்டியவை. ஒன்று ஜூரர் பட்டியல். ஆங்கிலம், சிங்களம், தமிழ் பேசும் ஜூரர் என்று பிரித்து, பெயரும் தொழிலும் விலாசமும் போட்டு ஆண்டுதோறும் வந்தது. கொழும்பில் ஓரளவு வசதியாக இருந்த கிளாக்கரோ வியாபாரியோ அதில் அகப்படுவார். எந்த ஆண்டில் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டது என்று பார்த்தால் அவர் ஊரைவிட்ட ஆண்டு கைக்கு வரும். மற்றது வங்குரோத்து அறிவித்தல். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களில் பலருக்குக் காரணம் கடன். 1925இல் வட்டிக்குக் கடன் கொடுத்த ஒரு பெரிய செட்டியார் கிட்டங்கி முறிந்த பிறகு வங்கிகள் செட்டிமாருக்குக் கொடுத்த கடனை இறுக்கின, செட்டிமார் தங்களிடம் வாங்கிய சின்ன வியாபாரிகளை இறுக்கினார்கள். உங்கள் ஆள் 1925க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் மறைந்த வியாபாரி என்றால், கப்பல் பட்டியலுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

மரணப் பதிவை ஏன் இவ்வளவு பிந்திச் சொல்கிறோம் என்றால், ஆண்டு குறுகாமல் அங்கே போவதில் பயனில்லை. குடியியல் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது, தொடக்க ஆண்டுகளில் பலர் பதியவில்லை. மரணம் எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதியப்படும், சொந்த ஊரில் பதியப்படாது. பருத்தித்துறைக்காரர் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இறந்தால் பதிவு கொழும்பில். பருத்தித்துறையில் தேடி “இல்லை” என்று மறுமொழி வந்ததால் அவர் இறக்கவில்லை என்று ஆகாது. பிரதேச செயலகத்தில் மாவட்டப் பதிவாளரிடம் ஒரு பிரதியும், மாளிகாவத்தையிலுள்ள மத்திய பதிவறையில் இரட்டைப் பிரதியும் இருக்கும். போரில் வடக்குக் கிழக்கில் ஏடுகள் அழிந்த இடங்களுக்கு மாளிகாவத்தைதான் கதி. பதிவிலக்கம் தெரியாவிட்டால் தேடல் விண்ணப்பத்தில் ஈராண்டுக் காலத்தையும் பதிவுப் பிரிவையும் தெளிவாக எழுதுங்கள். “கொழும்பு” என்று மட்டும் எழுதினால் அது ஒரு பிரிவின் பெயர் ஆகாது.

பிரதி கிடைத்தால் இறந்தவரின் பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நிறுத்தாமல், தகவல் தந்தவர் நிரலை வாசியுங்கள். மகன், மைத்துனன் என்றால் குடும்பத்துக்கு அன்றே தெரியும். அயலவர், விடுதிக்காரர், ஆஸ்பத்திரி உத்தியோகத்தர் என்றால் தெரியாமல் போயிருக்கலாம். மரண விசாரணை அதிகாரி என்றால் திடீர் மரணம், அன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வரியாவது இருக்கும். ஆளடையாளம் தெரியாத சடலங்களும் பதியப்பட்டன, பெயர் நிரலில் பெயர் தெரியாத தமிழ் ஆண் என்று வயதை மட்டும் உத்தேசமாகப் போட்டு. சரியான திகதி தெரிந்தவர்கள் அந்த வாரத்து ஏட்டில் இவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தானாக யாரும் காட்ட மாட்டார்கள். பொரளைக் கனத்தையில் 1866 முதல் அடக்கம் நடக்கிறது. பதிவேடு மாநகர சபையிடம், திகதி வாரியாக. மரணத் திகதி தெரிந்தால் அடுத்த இரண்டு நாளைக் கேட்டால் போதும்.

பெயர்தான் எல்லா இடத்திலும் காலை வாரும். ஒரே கந்தையாவை Kயிலும் Cயிலும் தேட வேண்டும், நடுவில் t வந்தும் d வந்தும். சின்னத்தம்பி Sஇலும் Chஇலும் இருப்பார். தகப்பன் பெயர் முன்னால் வருவதால் வெள்ளைக்காரக் கிளாக்கர் தகப்பன் பெயரையே ஆளின் பெயராக எண்ணிக் கோத்திருப்பார், பின்பு இரண்டாவதாக வரும் அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்று பிடித்திருப்பார். மிஷன் பள்ளியில் படித்தவர் என்றால் இன்னும் மோசம். அமெரிக்க மிஷன் தங்களுக்கு உதவிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் வைத்திருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளையே கறோல் விசுவநாதபிள்ளை என்றுதான் அறியப்பட்டார். உங்கள் பூட்டன் மதம் மாறி வேறு பெயரில் கொழும்பில் இன்னொரு கலியாணம் செய்திருந்தால், கிந்துப்பிட்டி சென் தோமஸ் ஆலயம் போன்ற பழைய தமிழ்த் தேவாலயங்களின் திருமண ஏட்டில் மணமகனின் தகப்பன் பெயரை வைத்துத்தான் அவரைப் பிடிக்கலாம். தன் பெயரை மாற்றியவர்களும் தகப்பன் பெயரை மாற்றுவது அரிது.

சொல்லக் கூசும் இடங்களையும் தேட வேண்டும். “காணாமற் போனார்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டவர்களில் சிலர் ஒரு பஸ் தூரத்தில் இருந்தார்கள். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி 1927இல் வந்தது. ஒல்லாந்தர் 1708இல் தொடங்கிய ஹெந்தளைக் குட்டரோக ஆஸ்பத்திரி இருந்தது. வெலிக்கடைச் சிறை 1841 முதல் இருக்கிறது. நோயாளியின் தாள்களை ஆஸ்பத்திரி காட்டாது, அதைக் கேட்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சித்தசுவாதீனமற்றவர் என்று தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம், ஆகவே சொத்துள்ள குடும்பம் என்றால் வழக்கு இருக்கும். வயதானவர்களிடம் கேட்கும்போதும் “அவருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் பழைய ஒற்றை வரிதான் வரும். “அவருக்கு ஆர் சாப்பாடு கொண்டு போனது?” என்று கேட்டால் பெரியம்மா பதில் சொல்லிவிடுவா.

மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை பழைய பத்திரிகைகளை மின்வருடி இலவசமாக வைத்திருக்கிறது, 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் உட்பட. ஆளின் பெயரோடு அலுவலகப் பெயரையும், ரெயில்வே, தபால், தோட்டம் எதுவோ, சேர்த்துத் தேடுங்கள். அச்செழுத்தை இயந்திரம் பிழையாக வாசிப்பதால் பெயரின் பாதியை மட்டும் போட்டுத் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும். இடமாற்றம், பிரிவுபசாரம், கோயில் கணக்கு, வழக்கு எல்லாம் செய்தியாக வந்தது. 1942 முதல் 1945 வரையுள்ள இடைவெளி பொல்லாதது. கடிதமும் பணமும் ஒன்றாக நின்றன. சயாம் மரண ரெயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியலே கிடையாது. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் படையில் இருந்தவரைத் தேடலாம். கூலியாகப் போனவரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். பத்திரிகைகளில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை, அதற்கு முன் என்றால் 1889இல் வந்த இந்துசாதனம், இன்னும் முன்னால் 1841இன் உதயதாரகை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. கொழும்பில் சுவடிகள் திணைக்களத்திலும் தேசிய நூதனசாலை நூலகத்திலும் இருக்கும் பழைய பத்திரிகைக் கட்டுகளின் அருமை அதனால்தான். அங்கே பென்சிலும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள், திறக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முதல்நாள் தொலைபேசியில் கேளுங்கள். தாள் தூளாகும் கட்டைத் தர மறுத்தால் வாதாட வேண்டாம், அடுத்த மாதத்துக் கட்டைக் கேளுங்கள். முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் அதில் இருக்கலாம்.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்கிறார்கள். அவருக்கு மலாயாவில் இன்னொரு குடும்பம் இருந்திருந்தால், அந்த வழிப் பூட்டப்பிள்ளைக்கும் உங்கள் வழிப் பூட்டப்பிள்ளைக்கும் சராசரி 120 சென்டிமோர்கன் (மரபணுப் பொருத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பொருந்தும். ஆனால் மச்சான் மச்சாள் கலியாணம் மூன்று தலைமுறை நடந்த குடும்பத்தில் தூரத்து உறவும் அந்த அளவைக் காட்டிவிடும். ஒரு பொருத்தத்தை நம்பாமல், பூட்டியின் பக்கத்து ஒருவரையும் சோதித்து, அவரோடு பொருந்தாமல் உங்களோடு மட்டும் பொருந்துபவரை எடுத்துப் பாருங்கள். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் வயதான உறவினரை முதலில் சோதியுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் பொருத்தம் இரட்டிக்கும்.

கடைசியாக ஒரு கொப்பி. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆளை ஏற்க வேண்டாம். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், மனைவி பெயர் ஐந்தில் மூன்றுக்குக் குறைவாகப் பொருந்துபவரைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இல்லை என்று வந்த தேடல்களையும் எழுத வேண்டும்: எந்தப் பிரிவு, எந்த ஏடு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்த எழுத்துக்கூட்டலில் தேடினது என்று. மாளிகாவத்தையில் கட்டிய பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் ஒன்றுவிட்ட தம்பி அதே காலத்துக்கு அதே பிரிவில் மறுபடி விண்ணப்பம் போடப் போவார். அப்போது காட்டுவதற்கு அது வேண்டும்.